ஒரு கொம்பில் நானூறு நாள்

பவளம் என்றதும் எண்ணற்ற உயிர்கள் சேர்ந்து எழுப்பிய பெருந்திட்டுகளே நினைவுக்கு வரும். ஒற்றை உயிராகப் பிறந்து, தனக்கென ஒரு சுண்ணாம்புக் கூடு கட்டி, தனித்தே வாழ்ந்து மடிந்த பவளங்களும் உண்டு. அவற்றுள் என் மனம் கவர்ந்தது ஹீலியோஃபில்லம் ஹல்லி. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து டெவோனியன் காலப் பாறைகளில் கிடைக்கும் தொல்லுயிர் எச்சம் இது. வயது 38 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

உருவம் கன்றின் சிறு கொம்பு. சில கொம்புகள் நடுவில் சட்டென வளைந்திருக்கும். சேற்றில் சாய்ந்துபோன உயிர், மறுபடி மேல்நோக்கித் திரும்பி வளர்ந்த சுவடு அந்த வளைவு.

கொம்பின் வாய்ப்பக்கம் பாருங்கள். நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு தகட்டின் பக்கவாட்டிலும் நுண்ணிய குறுக்குப் பட்டைகள்! இத்தகடுகள் முளைக்கும் ஒழுங்கில்தான் பவளங்களின் குலமே பிரிகிறது. முதலில் தோன்றுபவை ஆறு. அவற்றுக்கு இடைப்பட்ட ஆறு அறைகளில் நான்கில் மட்டுமே புதிய தகடுகள் முளைத்தால் அது ரூகோசா வரிசை; ஹீலியோஃபில்லம் இந்தக் குலம். ஆறிலும் முளைத்து 6, 12, 24, 48 என்று பெருகினால் ஸ்க்லராக்டினியா. இன்றைய காளான் பவளம் அந்தக் குலம். பெர்மியன் கால முடிவில், சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், ரூகோசா பூண்டோடு அழிந்தது. ஒரு கோடி ஆண்டு கழித்தே டிரயாசிக் கடல்களில் ஆறின் குலம் தலைகாட்டியது.

கட்டுமானப் பொருளும் வேறு. ஸ்க்லராக்டினியாவின் அரகோனைட் எளிதில் கரைந்து உருமாறிவிடும். ரூகோசாவின் கால்சைட்டோ நின்று நிலைப்பது. அதனால்தான் இக்கொம்பின் வெளிச்சுவரில் மயிரிழை போன்ற வரிகள்கூட அழியாமல் இருக்கின்றன.

அந்த வரிகளில்தான் உச்ச நயம். பவளம் நாளுக்கொரு மெல்லிய அடுக்காகச் சுண்ணாம்பு பூசுகிறது; ஆண்டுக்கொரு முறை வளர்ச்சி தளர்ந்து பட்டை விழுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் வெல்ஸ், இரு பட்டைகளுக்கு இடையே உள்ள வரிகளைப் பொறுமையாக எண்ணி 1963-இல் வெளியிட்டார். இன்றைய பவளத்தில் சுமார் 360; டெவோனியன் பவளங்களில் சுமார் 400! பூமி சூரியனைச் சுற்றும் காலம் மாறவில்லை. அப்படியானால் அன்றைய நாளுக்கு ஏறக்குறைய 22 மணி நேரம்தான். நிலவு எழுப்பும் ஓதங்கள் பூமியின் சுழற்சியைத் தளர்த்தி வருகின்றன என்று வானியலாளர் போட்டிருந்த கணக்கோடு இது இசைந்து வந்தது.

தனியாகக் கிடந்த ஓர் உயிர், விரல் நீளக் கூட்டில் பூமியின் சுழற்சியைப் பதித்து வைத்திருக்கிறது. அருங்காட்சியகத்தில் கொம்புப் பவளம் ஒன்றைக் கண்டால், வாய்ப்பக்க அழகோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு பூதக்கண்ணாடியோடு அதன் வெளிச்சுவரையும் பாருங்கள்.