மந்திரப் பள்ளியும் மொழிப் பாடமும்

மந்திரவித்தை கற்பிக்கும் பள்ளிகளைக் களமாகக் கொண்ட இளையோர் புதினங்களை மொழியியலார் பொருட்படுத்துவது அரிது. இவற்றின் ஈர்ப்பிற்குப் பறக்கும் துடைப்பமும் அசையும் ஓவியமுமே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. இவையெல்லாம் பிறவகை மாயக் கதைகளிலும் உண்டு. பள்ளி என்னும் அமைப்பும், அங்குக் கற்பிக்கப்படும் பாடம் பெரிதும் மொழியாகவே இருப்பதும் இவ்வகைக்குத் தனி ஈர்ப்பைத் தருகின்றன என்பது என் கருத்து. அர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ', ஜே. கே. ரோலிங்கின் ஹாரி பாட்டர் வரிசை (1997-2007) ஆகியவற்றைக் கொண்டு இதனை இங்கு நோக்கலாம்.

பள்ளிக் கதை ஆங்கிலத்தில் பழைய வகை. ரக்பி பள்ளியைக் களமாகக் கொண்டு தாமஸ் ஹியூஸ் எழுதிய புதினம் 1857இல் வெளிவந்தது. விடுதி வாழ்க்கை, விளையாட்டுப் போட்டி, கொடுமைப்படுத்தும் சக மாணவன் ஆகிய கூறுகளை ரோலிங் இம்மரபிலிருந்தே பெற்றார். இத்தகைய கதைகளை ஆவலுடன் படித்தோருள் பலர் அப்பள்ளிகளில் ஒருபோதும் சேர இயலாத வீட்டுப் பிள்ளைகள் என்பதை ஜார்ஜ் ஆர்வெல் 1940இல் எழுதிய கட்டுரையொன்றில் சுட்டினார். மந்திரப் பள்ளி அக்கதவைத் திறந்துவிடுவது போலத் தோன்றுகிறது. கட்டணத்திற்குப் பதிலாகப் பிறவித் திறனைக் கேட்கிறது. (பிறப்பைக் கேட்பது பணத்தைக் கேட்பதினும் நேர்மையானதா என்பது வேறு வினா. ரோலிங்கே அவ்வினாவைத் தம் கதைப் பூசலின் மையமாக்கினார்.)

பதினோராம் வயதில் ஹாரி அவ்வுலகினுள் நுழையும்போது அதன் சொற்கள் அவனுக்குத் தெரியா, வாசகருக்கும் தெரியா. மந்திரம் அறியாதோரைக் குறிக்கும் 'மகிள்' என்ற சொல்லை இருவரும் ஏறத்தாழ ஒருங்கே கற்கின்றனர். சில இயல்கள் கழிந்ததும் விளக்கமின்றியே அச்சொல் வாசகருக்குப் பொருள் தருகிறது. வேற்றுமொழியொன்றில் முதன்முதலாகத் தடையின்றி ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டவர் பெறும் மகிழ்ச்சி இதுவே.

முதல் நூலில் இறகொன்றை மேலெழச் செய்யும் வகுப்பு மொழியியலார்க்குத் தனிச்சுவை உடையது. ரான் மந்திரத்தைப் பிழையாக ஒலிக்கிறான், இறகு அசையவில்லை. ஹெர்மியோனி ஓர் அசையை நீட்டி ஒலிக்குமாறு திருத்துகிறாள். தானே ஒலித்துக் காட்ட, இறகு எழுகிறது. ஒலிப்புப் பிழைக்கு இவ்வளவு உடனடி விளைவு வேறெந்த வகுப்பறையில் உண்டு?

சொல்வதே செயலாகும் கூற்றுகளை ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் விளக்கினார். அவை 1962இல் நூலாயின. அக்கூற்று பலிக்க, உரியவர் உரிய சூழலில் சொல்லவேண்டும் என்பது அவர் நிபந்தனை. தொல்காப்பியச் செய்யுளியலும் மந்திரத்தை விளக்குமிடத்துச் சொல்வோரின் நிறைவையும் ஆணையையுமே முன்னிறுத்துகிறது. ரோலிங்கின் பள்ளியிலோ தொடக்கத்தில் ஒலியும் கோலசைவும் சரியாக அமைந்தால் போதும். ஆறாம் நூலில் (2005) மாணவர் வாய்திறவாமலே மந்திரம் செய்யப் பயில்கின்றனர். அங்குச் சொல், நடைபழகும் குழந்தையின் நடைவண்டி போலக் கைவிடத்தக்கதாகிறது. இது எனக்கு ஏமாற்றமே.

எர்த்சீயில் சொல்லைக் கைவிட இயலாது. ஒன்றன் மெய்ப்பெயரை அறிவதே அதனை ஆள்வதாகும். கொல்லன் மகனான கெட், ரோக் தீவின் பள்ளியிலிருந்து தனித்த கோபுரம் ஒன்றிற்கு அனுப்பப்படுகிறான். அங்குப் பாடம் பெயர்ப்பட்டியல்களே. நள்ளிரவில் மை மறைந்து தாள் வெறுமையாகிவிடும். அதற்குள் மனப்பாடம் செய்தாக வேண்டும். மொழிகற்றலில் பெரும்பகுதி சலிப்பூட்டும் சொற்பட்டியலே என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய புதினம் வேறொன்றை நான் கண்டதில்லை. லெ குவினின் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் கலிபோர்னியப் பழங்குடி மொழிகளைக் களத்தில் தொகுத்த மானிடவியலார் என்பது இங்கு நினையத்தக்கது. மேலும் இப்பள்ளியில் பிழை மதிப்பெண்ணோடு முடிவதில்லை. செருக்கினால் கெட் ஓதிய மந்திரம் ஒரு நிழலை உலகினுள் விடுகிறது. அப்பிளவை அடைக்கும் முயற்சியில் தலைமை மந்திரவாதி உயிரிழக்கிறார். சொல்லுக்குப் பொறுப்பேற்றல் என்னும் பாடத்தை ரோக்கில் கற்பது போல ஹாக்வார்ட்ஸில் கற்க இயலாது. எனினும் இளையோர் திரண்டது ஹாக்வார்ட்ஸின் வாயிலில்தான். அதன் விருந்தும் தோழமையும் ரோக்கில் அரிது.

மொழிபெயர்ப்பாளரின் இடர் இங்கிருந்தே எழுகிறது. பிரெஞ்சில் பெயர்த்த ழான்-பிரான்சுவா மெனார், மாணவரை இல்லவாரியாகப் பிரிக்கும் தொப்பிக்குத் 'தேர்வு', 'தொப்பி' என்னும் இரு பிரெஞ்சுச் சொற்களை இணைத்து 'ஷுவாபோ' என்று ஒரு பெயர் படைத்தார். மூலத்தினும் சிறந்த ஆக்கம் அது. இந்தி மொழிபெயர்ப்பு, இலத்தீன் சாயல் கொண்ட மந்திரங்கள் பலவற்றிற்குச் சமஸ்கிருதத்தை அடியாகக் கொண்டது. ஆங்கிலச் சிறுவனுக்கு இலத்தீன் எப்படியோ, இந்திச் சிறுவனுக்குச் சமஸ்கிருதம் அப்படி என்பது அதன் அடிப்படை.

தமிழில் இவ்வழி நேராகப் பொருந்துமா? சமஸ்கிருத ஓசை தமிழ் வாசகருக்குக் கோயில் வழிபாட்டையும் சடங்கையும் நினைவூட்டும். பள்ளிப் பாடத்தை அன்று. ஒலிபெயர்ப்பில் ஒரு நன்மை உண்டு. இறகுக் காட்சியில் ஆங்கில எழுத்து காட்டமுடியாத நீட்சியை நம் நெடிலெழுத்து காட்டிவிடும்: 'விங்கர்டியம்' பிழை, 'விங்கார்டியம்' சரி. ஆயின் சொல்லின் அரைகுறைப் பொருள் அழிந்துவிடுகிறது. இலத்தீன் வேர் ஆங்கில வாசகருக்குப் பாதி புரியும், பாதி புரியாது. அப்பாதியில்தான் மந்திரத்தின் சுவை இருக்கிறது.

வியங்கோள் வினைமுற்று இதற்கு ஏற்றதென எனக்குத் தோன்றுகிறது. ஏவலும் வாழ்த்தும் கலந்த அவ்வடிவிற்குத் தொன்மைச் சாயல் இயல்பாகவே உண்டு. எல்லா வினையடியும் இதற்கு இணங்குவதில்லை. பொருளைத் தன்னிடம் அழைக்கும் 'ஆக்கியோ' உண்மையான இலத்தீன் வினை. அதனை 'வருக' என்று பெயர்த்தால் திருமண மண்டபத்து வாயில் வளைவே கண்முன் நிற்கும். வழக்கருகிய வினையடிகளை நாடலாம். இறகெழுப்ப 'இவர்க' நன்கு பொருந்தும். மேலெழுதல் என்னும் பழம்பொருளைச் சூழலே உணர்த்திவிடும். ஒளி தோற்றுவிக்க 'இமைக்க' என்று கொள்ளலாமா? சங்க வழக்கில் அது ஒளிவிடுதலைக் குறிக்கும். ஆனால் ஹாரி கோலை உயர்த்தி அவ்வாறு ஆணையிட்டால், இன்றைய சிறுவன் கண்ணைத்தான் சிமிட்டுவான்.