வாளி நீர் சொல்லாத பாதி

மீன்பிடிக்க உதவும் போலி இரையான லூரைக் கையால் மரத்தில் செதுக்குபவர்கள் அதற்கு ஈயம் ஏற்றும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். தூண்டில் முட்களையும் வளையங்களையும் மாட்டி, உடலை வாளி நீரில் மிதக்க விடுவார்கள். வயிற்றடியில் ஈயத் துண்டுகளை ஒட்டி நகர்த்திப் பார்ப்பார்கள். அது நிமிர்ந்து நிற்கும் இடம் தெரிந்ததும் துளையிட்டு ஈயத்தைப் புதைத்து, எபாக்சியால் மூடிவிடுவார்கள்.

இந்த முறையின் பலம், அது மரத்தின் இயல்புக்கு ஏற்றது என்பதே. பால்சா கட்டைக்குக் கட்டை அடர்த்தி மாறும். 20 கன செ.மீ. பருமனுள்ள உடல் 2 கிராமும் இருக்கலாம், 4 கிராமும் இருக்கலாம். ஒரு லூருக்குப் பொருந்திய ஈயத்தை அடுத்ததற்கும் அப்படியே இட்டால் கணக்குப் பிசகும். வாளியோ ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே நிறுத்துச் சொல்கிறது. ஈயம் தாழ்வாக அமைவதால் எடைமையம் மிதப்புமையத்துக்குக் கீழே இறங்கி, லூர் குப்புறக் கவிழாமல் காக்கிறது.

குறைகளில் சிறியது நீரைப் பற்றியது. நன்னீர் வாளியில் மூழ்காமலும் மிதக்காமலும் நின்ற 20 கன செ.மீ. லூர், அடர்த்தி கூடிய கடல்நீரில் அரை கிராம் அளவுக்கு மேலே உந்தப்படும். பிறகு ஏறும் வண்ணப் பூச்சின் எடையும் கணக்கைக் கலைக்கும். மீன்பிடிக்கும் நீரிலேயே, பூச்சுக்கும் இடம் விட்டுச் சோதித்தால் இது தீரும்.

பெரிய குறை வேறு. நிற்கும் நீர் அசைவைக் காட்டாது. ஒரே எடையை நடுவயிற்றில் குவித்தாலும், தலைக்கும் வாலுக்கும் சமமாகப் பிரித்தாலும், வாளியில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். இழுத்தால் வேற்றுமை தெரியும்: நடுவில் எடை குவிந்தது துடிப்பாக ஆடும், முனைகளில் பிரிந்தது மந்தமாகத் திரும்பும். எடை மிகுந்து ஆழ இறங்கினால் பக்கவாட்டுச் சாய்வும் செத்துவிடும். மீனை ஈர்ப்பது அந்த ஆட்டமே. பின்லாந்தின் லௌரி ரபாலா 1936-இல் தக்கையில் செதுக்கிய லூர், காயம்பட்ட சிறுமீனின் தடுமாற்றத்தைப் பிடிக்க முயன்றது. அவர் பெயரிலுள்ள நிறுவனம் பின்னாளில் லூர்களை ஓடவிட்டுப் பார்ப்பதையே தன் தர அடையாளமாக்கியதும் அதனால்தான்.

ஈயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 327 டிகிரி செல்சியஸில் உருகுவதால் வீட்டில் எளிதாக வார்க்கலாம். ஆனால் நேரே துளைக்குள் வார்க்கும்போது அதில் ஈரமிருந்தால் நீராவி உருகிய ஈயத்தைத் தெறிக்க வைக்கும். அறுந்து தொலையும் லூரோடு நஞ்சும் நீரில் தங்கும். அன்னங்கள் நஞ்சுண்டு இறந்ததால் பிரிட்டன் 1987-இல் தூண்டிலில் கட்டும் சிறிய ஈயக்குண்டுகளைத் தடை செய்தது. டங்ஸ்டன் நஞ்சு குறைந்தது, அடர்த்தியும் மிக்கது, விலைதான் அதிகம்.

ஆகவே வாளிச் சோதனையைக் கைவிட வேண்டியதில்லை, அதோடு நிறுத்தக்கூடாது. உடலுக்கு முதலில் மெல்லிய நீர்காப்புப் பூச்சு இட்டு, எடையை மெழுகால் தற்காலிகமாக அடைத்து, தூண்டில் நரம்பில் கட்டி நீரில் இழுத்துப் பாருங்கள். ஆட்டம் திருப்தியானால் மட்டும் எபாக்சி ஊற்றுங்கள். கூடுதலாக ஒரு மாலைப்பொழுது போகும். ஆனால் பூசி முடித்தபின் உடைத்துத் திருத்தும் வேலை மிச்சமாகும்.