சிவகாசித் தண்ணீர்: 7,690 என்ற எண்ணும் அது சொல்லாததும்

சிவகாசி நிலத்தடி நீரில் பெர்குளோரேட் என்று பேச்சு வந்தால், நான் பார்த்தவரை எல்லாரும் வந்து நிற்கிற எண் 7,690. லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம். 2013-ல் இசோபேயும் ஜப்பான், தமிழ்நாட்டைச் சேர்ந்த சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருகிறது இது. சிவகாசியிலும் மதுரையிலும் 60 நிலத்தடி நீர் மாதிரிகள். அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை அப்போது வைத்திருந்த 15 மைக்ரோகிராம் வரம்பை சிவகாசி மாதிரிகளில் 17 தாண்டின, மதுரையில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. பட்டாசு ஆலைப் பகுதியில்தான் அளவு கூடுதல், ஆகவே மூலம் பட்டாசும் தீப்பெட்டியும் என்பது அவர்கள் முடிவு.

முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. பட்டாசில் ஆக்சிஜன் கொடுக்கிற உப்பே பொட்டாசியம் பெர்குளோரேட்தான். அது உடம்புக்குள் போனால் தைராய்டு அயோடினை இழுப்பதைத் தடுக்கும், தண்ணியைக் கொதிக்க வைத்தாலும் போகாது. உலக சுகாதார நிறுவனத்தின் தளர்வான 70 மைக்ரோகிராமை வைத்துப் பார்த்தாலும் அந்த ஒரு கிணறு நூறு மடங்குக்கு மேலே. நம்ம ஊர்க் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500-ல் இந்தப் பேரே கிடையாது!

என் குறை வேறு இடத்தில். ஒப்பீட்டுக்கு ஏன் மதுரை? மதுரை வைகைப் படுகை, சிவகாசி வைப்பாற்றுப் படுகை. பாறையும் மண்ணும் நீரோட்டமும் தனித்தனி. நிலம் மேற்கு மலையிலிருந்து கிழக்கே சரிகிறது, அந்தச் சரிவின் மேல்பக்கம் இருப்பது ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் போகிற தூரத்திலேயே மேல்சரிவு, ஆலைப் பகுதி, கீழ்ச்சரிவு என்று ஒரு கோடு போட்டிருக்கலாம். மேலே இல்லாமல் கீழே இருந்தால்தான் வாதம் இறுகும். (இங்கேயும் தீப்பெட்டி ஆலைகள் உண்டு. குளோரேட்டில் பெர்குளோரேட் கலப்படமாக ஒட்டிக்கொண்டு வரும், அதனால் கிணற்றைப் பார்த்துத்தான் பொறுக்கணும்.)

அடுத்தது ஆழம். கிணற்றுத் தண்ணீர் என்பது கலவைத் தண்ணீர். போரில் வருகிற தண்ணி எந்த அடி வெடிப்பிலிருந்து வருதுன்னு மோட்டாருக்குத் தெரியாது. அழுக்கு மேலே கரிசலில் தேங்கி நிற்கிறதா, பாறை வெடிப்புக்குள் இறங்கிவிட்டதா என்பது பரிகாரத்தையே மாற்றுகிற கேள்வி. அதற்குத்தான் மண்ணில் குழாய் இறக்கும் கருவி. சுழற்றித் துளைக்காமல், எஃகுக் கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்கி, உள்ளே பிளாஸ்டிக் உறையில் மண்ணை அடுக்கு கலையாமல் எடுப்பது. நீர்மட்டம் வந்ததும் சல்லடைக் குழாயைத் திறந்து அந்த ஆழத்துத் தண்ணீரை மட்டும் உறிஞ்சலாம்.

ஆனால் இதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தப்பு. கரிசலில் வெண்ணெய்யாக இறங்கும் கம்பி சுக்கானைத் தொட்டதும் முனகும், கெட்டிப் பாறையில் நின்றுவிடும். அதற்குக் கீழே போர் மெஷின்தான். ஆவியாகும் ரசாயனத்தை மோப்பம் பிடிக்கிற முனைகள் பெர்குளோரேட்டுக்கு உதவாது, அது உப்பு. மின்கடத்துத்திறன் அளக்கும் முனையும் ஏமாற்றும். லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராம் உப்பு இருக்கிற கிணற்றில் 7,690 மைக்ரோகிராம் என்பது எட்டு மில்லிகிராம்கூட இல்லை. அந்தக் குழு அயனிப் பிரிகைக்குப் பின்னால் நிறைமானியையும் கோத்து அளந்தது சும்மா இல்லை.

கொடைக்கானலை இதோடு வைத்துப் பார்க்கலாம். 2001-ல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையில் பிரச்சினை பாதரசம், அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அங்கே விவாதமே கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் போதுமா என்பதுதான். மண்ணைத் தோண்டினால் ஆள் அகப்படும். பெர்குளோரேட் மண்ணோடு ஒட்டாது. ஒரு நல்ல மழைக்கு மேல்மண் சுத்தமாகத் தெரியும், சரக்கு கீழே போயிருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு மேல்மண்ணை மட்டும் அள்ளி 'ஒன்றுமில்லை' என்று யாராவது அறிக்கை கொடுத்தால், அது ஆலைக்கு நற்சான்று ஆகாது. கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை, அதே இடத்தில், ஆழம் ஆழமாக எடுத்தால்தான் நகர்வு தெரியும்.

எடுக்கிற முறையிலும் ஒரு வேடிக்கை. ஆவியாகும் பொருளுக்கு பாட்டிலில் காற்றே இல்லாமல் தளும்ப நிரப்பணும். இதற்கு நேர் எதிர்: களத்திலேயே நுண்வடிகட்டியில் வடித்து, பாட்டிலில் கொஞ்சம் காற்றிடம் விடணும். காற்றில்லாவிட்டால் நுண்ணுயிர்கள் பெர்குளோரேட்டைத் தின்றுவிடும், ஆய்வகத்துக்கு வந்து சேர்வது நல்ல தண்ணீராக இருக்கும்.

அமெரிக்காவில் நெவாடாவின் ஹெண்டர்சன் ஆலைகளிலிருந்து மீட் ஏரிக்குப் போன பெர்குளோரேட் 1997-ல் வெளியே தெரிந்தது. அங்கே கசிவு எந்த வளாகத்தில் தொடங்குகிறது என்று தேடிப் பிடித்து, அந்த நிலத்தடி நீரையே இறைத்துச் சுத்திகரித்தார்கள். அங்கே பெரிய ஆலைகள் ஒன்றிரண்டு. சிவகாசியில் நூற்றுக்கணக்கான சின்ன யூனிட்டுகள். எல்லாவற்றிலும் குழாய் இறக்க முடியாது. வரம்பைத் தாண்டிய அந்த 17 மாதிரிகள் எடுத்த இடங்களைச் சுற்றி மட்டும், மேல்சரிவில் இரண்டு, கீழ்ச்சரிவில் மூன்று என்று இறக்கினாலே எண்பத்தைந்து துளைதான். எண்பத்தைந்து துளை போட ஆகிற செலவு, அந்த ஊர் ஒரு சீசனில் விற்கிற சரக்குக்கு முன்னால் ஒரு பொருட்டே இல்லை.