பழைய ஜாஸ் பேஸுக்குப் புது பிரிட்ஜ் தேவையா?

ஃபெண்டரின் பழைய பேஸ் கிடார் பிரிட்ஜ் எளிமையானது: வளைத்த இரும்புத் தகடு, அதன்மேல் ஸ்ப்ரிங்கோடு சாடில்கள். 1951-இல் வந்த முதல் பிரிசிஷன் பேஸில் இரண்டே சாடில். ஒரு சாடிலுக்கு இரண்டு தந்தி. ஒரு தந்தியின் சுருதியைச் சரிசெய்தால் அடுத்தது விலகும். 1957-இல் தந்திக்கு ஒரு சாடில் வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

எழுபதுகளின் ஜாஸ் பேஸ் ஒன்றில் அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஜப்பானின் கோட்டோ 201-ஐ மாட்டி வாசித்தேன். பழைய ஐந்து துளைகளிலேயே உட்கார்ந்தது; மரத்தில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. சாடில்கள் பள்ளத்துக்குள் ஓடுவதால் ஓங்கி அடித்தாலும் பக்கவாட்டில் நகரவில்லை. பழைய தகட்டின் பெரிய குறையே அந்த நகர்வுதான். நாதத்தில் தொடக்கம் சற்றுத் தெளிவானது, கார்வை கொஞ்சம் நீண்டது. ஆனால் புதுத் தந்தி போட்டால் கிடைக்கும் மாற்றம் இதைவிடப் பெரியது.

மாட்டும்போது இரண்டைக் கவனியுங்கள். தகட்டுக்கு அடியில் எர்த் கம்பி இருக்கும். அது புது பிரிட்ஜைத் தொடாவிட்டால் ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல் கேட்கும். அடித்தகடு தடிமனாக இருந்தால் சாடில்களை முழுக்க இறக்கியும் தந்தி உயரமாகவே நிற்கலாம்.

ஆனால் பிரிட்ஜையே மாற்றுமுன் சில்லறைப் பாகங்களைப் பாருங்கள். சாடிலின் உயரத்திருகு துருவில் இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். அவசரப்பட்டால் ஆலன் கீ வழுக்கித் திருகின் வாயே தேய்ந்துபோகும். கிணுகிணுக்கும் சத்தத்துக்குப் பெரும்பாலும் தளர்ந்த ஸ்ப்ரிங்கோ தந்தியின் அழுத்தம் படாத திருகோதான் காரணம். திருகு வாங்கும்போது மரையைப் பாருங்கள்: அமெரிக்கத் திருகு அங்குலக் கணக்கு, ஜப்பானியது மில்லிமீட்டர். ஒன்றில் மற்றதை முறுக்கினால் சாடில் பாழ்.

சுருதிக்குக் கடைசியில் வாருங்கள். அதற்குமுன் புதுத் தந்தி, கழுத்தின் வளைவு, உயரம் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் அழுத்தி வாசித்த ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சாடிலைப் பின்னுக்கு இழுங்கள், இறங்கி நின்றால் முன்னுக்குத் தள்ளுங்கள்.

மோட்டவுன் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த 1962 பிரிசிஷனில் இருந்தது இதே வளைந்த தகடுதான். அந்த நாதம் வேண்டுமென்றால் தகட்டை விட்டுவிடுங்கள், திருகும் ஸ்ப்ரிங்கும் மாற்றினால் போதும். மேடையில் ஓங்கி அடிப்பவர்களுக்குக் கோட்டோ 201 வாங்கத் தகுந்தது. எப்படியானாலும், கழற்றியதை அதன் திருகுகளோடு பத்திரப்படுத்துங்கள். அசல் பாகம் இல்லாத பழைய பேஸ் விலை இறங்கும்.