சகாதேவன் கட்டுண்ட மரம்: பாலித் தீவின் ஒருநாள் உலா குறித்த ஒரு வாசிப்பு

பாலித் தீவின் ஒருநாள் உலாவை ஏறக்குறைய நிலைபெற்றுவிட்ட ஒரு பனுவல் எனலாம். காலையில் பத்துபூலானில் பாரோங் நடனம்; அடுத்துச் செலுக்கில் வெள்ளிப் பொருள்கள், மாஸில் மரச்சிற்பங்கள்; பின்னர் கோவா கஜா குகை; கிந்தாமணியில் எரிமலையைப் பார்த்தவாறு நண்பகல் உணவு; திரும்பும் வழியில் தெகல்லாலாங்கின் அடுக்கு வயல்கள். இவ்வரிசையும், ஒவ்வோர் இடத்திற்கும் ஒதுக்கப்படும் நேரமும், வழிகாட்டி சொல்வனவும் சொல்லாது விடுவனவும் வாசிப்பிற்குரியன. நம் தமிழாசிரியர்கள் மாணவருடன் இவ்வுலாவில் செல்லும்போது, பேருந்தில் அவர்கள் தரும் விளக்கமே மாணவர்க்குப் பாலி பற்றிய முதற்பாடமாகிறது. அவ்விளக்கம் பெரும்பாலும் இந்தியா இங்கு எஞ்சியிருக்கிறது என்ற வியப்பில் முடிவதைக் காண்கிறோம். அவ்வியப்பையே ஈண்டு ஆராய விழைகிறோம்.

பாரோங் நிகழ்ச்சியில் பார்வையாளர்க்குப் பல மொழிகளில் கதைச்சுருக்கத் தாள் வழங்கப்படுகிறது. சகாதேவனை ரங்டாவுக்குப் பலியிடக் குந்தி வாக்களித்திருக்கிறாள்; அவள் மனம் இளகும்போது தீய ஆவி அவளுள் புகுந்து சினமூட்டுகிறது; சகாதேவன் மரத்தில் கட்டப்படுகிறான்; சிவன் தோன்றி அவனுக்குச் சாவாமை அருள்கிறார். இதனைப் படிக்கும் நம்மவர் வியாசரில் இது இல்லையே என்பர். இல்லைதான். ஆயின் ‘சுதமாலா’ என்னும் ஜாவானியப் பாடற்கதையில் இதன் மூலக்கூறுகள் உள்ளன. சாபத்தால் துர்க்கையாகிச் சுடுகாட்டில் உறையும் உமையை, கட்டுண்டு நிற்கும் சகாதேவனே தூய்மையாக்கிப் பழைய வடிவுக்கு மீட்கிறான். ஜாவாவின் தெகவாங்கி, சுக்கு ஆகிய கோயில்களின் புடைப்புச் சிற்பங்களிலும் இக்கதை இடம்பெற்றுள்ளது. ஐவருள் இளையவனும் மாத்திரியின் மகனுமாகிய ஒருவனைத் தேவியையே மீட்பவனாக உயர்த்தியது ஜாவாவின் படைப்பாற்றல்.

இதனைத் திரிபு என்பது தமிழறிந்தோர்க்கு அழகன்று. காளிக்குத் தன்னையே பலியாகத் தரும் அரவானைப் பெருந்தேவனாரின் பாரத வெண்பா பாடியது. நம் தெருக்கூத்து இன்றும் ஆடுகிறது. அதனைத் தமிழ் மரபின் ஆக்கம் எனப் பாடம் நடத்தும் நாம், பத்துபூலானில் மட்டும் வியாசரை அளவுகோலாக எடுப்பதேன்? பயணிகளுக்கென நேரம் குறுக்கப்பட்ட காட்சி அது என்பதும் மெய்யே. எது கோயிலுக்குரியது, எது காட்சிக்குரியது என்பதைப் பாலியினரே 1971-இல் கருத்தரங்கு கூட்டி வகைப்படுத்த முயன்றனர். அவ்வுணர்வு அவர்களிடம் நமக்கு முன்னரே இருந்தது.

வெள்ளிக் கடையும் மரச்சிற்பக் கடையும் கடைகளே, மேலும் சொல்வதற்கில்லை. கோவா கஜாவில் நம்மவர் குகைக்குள் இருக்கும் பிள்ளையாரை வணங்கித் திரும்பிவிடுகின்றனர். கீழே ஓடைப் பள்ளத்தில் சிதறிக் கிடக்கும் பௌத்தச் சிதைவுகள்வரை இறங்குவோர் சிலரே. தெரிந்ததைக் கண்டு மகிழும் கண், தெரியாததைத் தேடுவதில்லை.

உலாவின் பெருங்குறை நாட்டுப்புறத்தை அது காட்டும் முறையில் உள்ளது. தெகல்லாலாங்கில் வண்டி நிற்பது படமெடுக்கும் நேரத்திற்கே. வரப்பில் நடப்பவரிடம் உழவர் சிறு தொகை கேட்பதைப் பயணக் கட்டுரைகள் குறையாகப் பதிவு செய்கின்றன. அதே காட்சியை விற்கும் உணவகத்தின் விலையை எவரும் குறைகூறுவதில்லை. அவ்வயல்களைத் தாங்குவது சுபாக் என்னும் நீர்ப்பாசனக் கூட்டமைப்பு. ஒரே நீர்வழியைப் பகிரும் உழவர்கள் பெக்காசே என்னும் தலைவரின்கீழ்க் கூடி, நடவையும் தரிசையும் முடிவு செய்கின்றனர். பரந்த நிலப்பரப்பு ஒரே காலத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிகளுக்கு இரையில்லை. ஆனால் எல்லாரும் ஒரே நாளில் நட்டால் நீர் போதாது. இவ்விரண்டையும் ஈடுசெய்யும் கணக்கை நீர்க்கோயில்களின் வலைப்பின்னல் காத்துவந்தது. 1970களில் பசுமைப் புரட்சி இடைவிடாத நடவை வற்புறுத்தியபோது பூச்சித் தாக்குதல் பெருகியதையும், கோயில்வழி ஒருங்கிணைப்பின் பயனையும் மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் 1991-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 2012-இல் யுனெஸ்கோ சுபாக் நிலவெளியை உலக மரபுடைமையாக ஏற்றது.

இக்கோயில்களுள் தலைமை பெற்ற உலுன் டானு பத்தூர் கிந்தாமணி வட்டாரத்தில்தான் உள்ளது. 1926-இல் எரிமலைக் குழம்பால் பழைய கோயில் அழிந்தபின் விளிம்பு மேட்டில் மீண்டும் எழுப்பப்பட்டது. உலாவினர் உணவுண்ணும் இடத்திலிருந்து அது தொலைவில் இல்லை. எனினும் வழக்கமான நிரலில் அதற்கு இடமில்லை. (கிந்தாமணி என்றதும் சிந்தாமணியை நினைப்போர் உளர். 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டிலேயே சிந்தாமணி என்ற வடிவம் வருவதால் அது வீண் கற்பனையன்று.) உணவு மேசையில் வழிகாட்டி ‘திரி ஹித கரணா’ என்ற தொடரைத் தொன்மையான வேதக் கோட்பாடு என அறிமுகப்படுத்துவதுண்டு. சொற்கள் வடமொழியாயினும் தொடர் 1960களில் பாலியில் உருவானது. பழமை என்று கூறினால்தான் மதிப்பு என்ற எண்ணத்தை அவ்வழிகாட்டிக்குக் கற்பித்ததில் நம்போன்ற வருகையாளர்க்கும் பங்குண்டு.

இப்பார்வைக்கு நம் துறையிலேயே வேருண்டு. பரந்த இந்தியக் கழகம் கல்கத்தாவில் 1926-இல் தோன்றியது. மறு ஆண்டே தாகூர், சுனிதிகுமார் சட்டர்ஜி உள்ளிட்டோருடன் சிங்கப்பூர், மலாயா வழியாக ஜாவாவுக்கும் பாலிக்கும் சென்றார். அவ்வறிஞர்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம். எனினும் கொடுத்தவர் இந்தியர், பெற்றவர் பிறர் என்ற அவர்களின் சட்டகத்தை இன்னும் நம் பாடக்குறிப்புகள் விடவில்லை.

மாணவருடன் செல்லும் ஆசிரியர்கள் வெள்ளிக் கடைக்குரிய நேரத்தைப் பத்தூர் கோயிலுக்கு மாற்றித் தருமாறு முன்கூட்டியே கேட்கலாம். பயிற்சித் தாளில் இந்தியக் கூறுகளைப் பட்டியலிடுக என்பதற்கு மாறாக, இவ்வயலுக்கு அடுத்து நீர் எப்போது திறக்கப்படும், அதனை யார் முடிவு செய்தார் என இரு வினாக்கள் போதும். விடைக்கு வழிகாட்டியை விட்டு, வரப்பில் நிற்பவரிடம் செல்ல வேண்டியிருக்கும்.