மோட்டவுன் மேடையேறியபோது

சுப்ரீம்ஸ் 1964இல் பாடிய 'வேர் டிட் அவர் லவ் கோ' பாட்டை ஓடவிட்டால் டயானா ராஸின் குரலுக்கு முன்பே ஒரு காலடிச் சத்தம் வந்துவிடும். யாரோ மாடிப்படியில் சீராக இறங்கிவருவதுபோல் இருக்கும். டெட்ராய்ட் நகரில், மேற்கு கிராண்ட் பூலவார்டு 2648ஆம் எண் வீட்டின் பின்கட்டில், ஓர் இளைஞர் மரப்பலகைகளின்மேல் நின்று ஷூ காலால் மிதித்த ஓசை அது. பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. மிதித்தவரின் பெயர் தட்டின் உறையில் இல்லை.

மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் இப்படிப்பட்ட ஓசைகளால் ஆனது. பெர்ரி கோர்டி லிங்கன்-மெர்க்குரி கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி 1959இல் இதைத் தொடங்கினார். தொழிற்சாலையில் கண்ட ஒழுங்கை வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஓர் அறையில் பாட்டெழுதுவார்கள், இன்னொன்றில் ஒலிப்பதிவு நடக்கும், வாரந்தோறும் கூடி எந்தத் தட்டு வெளிவரலாம் என்று வாக்கெடுப்பார்கள். பாடகிகளுக்கு நிற்கவும் நடக்கவும் பேசவும் மாக்ஸின் பவல் கற்றுக்கொடுத்தார். பழைய மேடைகளில் டாப் நடனம் ஆடி வளர்ந்த சோலி அட்கின்ஸ் டெம்டேஷன்ஸ் குழுவுக்குத் திரும்புவதையும் கை நீட்டுவதையும் அமைத்தார். அதே அட்கின்ஸ் 1989இல் 'பிளாக் அண்ட் புளூ' நாடகத்தின் நடன அமைப்புக்காக மூவருடன் டோனி விருதைப் பகிர்ந்துகொண்டார். ஆக, மோட்டவுனுக்குள் தொடக்கம் முதலே நாடக மேடை இருந்தது. பிராட்வே தன் பழைய சொத்தைத்தான் பிற்பாடு திரும்ப எடுத்துக்கொண்டது.

ஆனாலும் சோல் இசை நிறுவனம் ஒன்றின் கதையை இசை நாடகமாக்குவது எளிதாக இல்லை. மேடைக்கு ஒரு நாயகன் வேண்டும். நிறுவனத்தில் இருப்பதோ ஒரு கூடம், அதில் இரவும் பகலும் வேலை செய்த ஐம்பது பேர், பிறகு கணக்குப் புத்தகம். யாருடைய கதையாக அதைச் சொல்வது என்பதில்தான் ஒவ்வொரு முயற்சியும் தேறியிருக்கிறது, அல்லது தடுமாறியிருக்கிறது.

இந்த வகையில் மிகச் சிறந்தது எதுவென்று கேட்டால், மோட்டவுன் பாட்டு ஒன்றுகூட இல்லாத 'டிரீம்கேர்ல்ஸ்' என்பேன். 1981 டிசம்பரில் இம்பீரியல் அரங்கில் அரங்கேறியது. கதை, வசனம், பாடல் டாம் ஐயன். இசை ஹென்றி கிரீகர். இயக்கம் மைக்கேல் பென்னட். மூன்று பெண்கள் கொண்ட குழு, காடிலாக் கார் விற்றுவந்த ஒருவர் அவர்களின் மேலாளராகிறார், பெருங்குரல் கொண்டவளை ஓரங்கட்டிவிட்டு அழகியை முன்னே நிறுத்துகிறார். சுப்ரீம்ஸ் பெயர் எங்கும் வராது. ஆனால் 1967இல் அந்தக் குழுவிலிருந்து விலக்கப்பட்டு, 1976இல் 32 வயதில் இறந்துபோன ஃபுளோரன்ஸ் பாலார்டை நினைக்காமல் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. முதல் பாதியின் முடிவில், ஓரங்கட்டப்பட்ட எஃபியாக ஜெனிஃபர் ஹாலிடே பாடும் பாட்டு, கேட்டு மகிழ்வதற்காக அங்கே வைக்கப்பட்டதல்ல. வேலையும் காதலும் ஒரே நிமிடத்தில் கைவிட்டுப்போகிற பெண், போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். பாட்டு முடியும்போது அவள் வாழ்க்கை வேறாகிவிட்டது. ராபின் வாக்னர் வடிவமைத்த நகரும் விளக்குக் கோபுரங்கள் ஒரு நொடியில் மேடையை ஒப்பனை அறையாக்கும், மறுநொடி மேடையாகவே திருப்பும். பாட்டு விற்பனைக்குத் தயாராகும் இடமும் விற்கப்படும் இடமும் ஒரே பார்வையில் தெரிந்தன. சொந்தமாக மெட்டமைத்ததால் கதைக்குத் தேவையான நீளத்தில், தேவையான இடத்தில் பாட்டு வந்தது. 2006இல் படமானபோது கோர்டி தரப்பு மனம் புண்பட்டது. தயாரித்த நிறுவனங்கள் மறு ஆண்டு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டன.

கோர்டி தன் பதிலை மேடையிலேயே சொன்னார். 2013 ஏப்ரலில் லன்ட்-ஃபான்டேன் அரங்கில் 'மோட்டவுன்: தி மியூசிகல்' தொடங்கியது. 1994இல் வெளிவந்த தன் வரலாற்று நூலை வைத்து கதை வசனத்தை எண்பது வயது கடந்த அவரே எழுதினார், தயாரிப்பாளர்களிலும் ஒருவர். சார்ல்ஸ் ராண்டால்ஃப்-ரைட் இயக்கினார். 1983இல் நடந்த மோட்டவுனின் வெள்ளிவிழா நிகழ்ச்சிக்குப் போவதா வேண்டாமா என்று கோர்டி தயங்குவதில் கதை தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. விட்டுப்போன கலைஞர்கள், வழக்குகள், டயானா ராஸுடனான காதல், எல்லாவற்றுக்கும் அவரே சாட்சி, அவரே நீதிபதி. பாடகர்கள் அசத்தினார்கள். டயானாவாக வந்த வலீஷா லகேயும் மோட்டவுன் பாடகர் ஸ்மோக்கி ராபின்சனாக வந்த சார்ல் பிரவுனும் டோனிக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். கூட்டமும் வந்தது, 2015 ஜனவரி வரை ஓடியது. லண்டனிலும் போட்டார்கள்.

எனக்கு அதில் வருத்தம் தருவது பாட்டுகளின் எண்ணிக்கை. ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. மூன்று நிமிடம் வீதம் முழுசாகப் பாடினால் பாட்டுக்கே இரண்டரை மணி நேரம் போய்விடும். அதனால் வெட்டினார்கள். ஒரு சரணம், ஒரு பல்லவி, கைதட்டல், அடுத்தது. மோட்டவுன் பாட்டு ஏற்கெனவே கார் ரேடியோவுக்காகச் சுண்டக் காய்ச்சியது. ஒரே வரி மூன்றாம் முறை வரும்போது பேஸ் கிட்டார் சற்றே வழி மாறும், பின்குரல் ஓர் அடி முன்னே வரும், அங்கேதான் மனசு இளகும். அந்த மூன்றாம் முறைக்கு அவகாசம் தராமல் பாட்டை நிறுத்திவிட்டால் பார்வையாளர் கையில் மிஞ்சுவது அடையாளம் கண்டுகொண்ட மகிழ்ச்சி மட்டும்தான். அது சோல் இசையில் பாதிகூட இல்லை.

இவ்வளவு பாட்டை ஒரே நாடகத்தில் சேர்க்க முடிந்ததற்குப் பின்னால் உரிமை விவகாரம் இருக்கிறது. மேடையில் வாத்தியக்காரர்கள் நேரில் வாசிப்பதால் பழைய ஒலிப்பதிவின் உரிமை தேவைப்படுவதில்லை. பாட்டின் மெட்டுக்கும் வரிகளுக்கும் உரியவரிடம் நாடகத்துக்கென்று தனி அனுமதி வாங்க வேண்டும். மோட்டவுன் பாட்டுகளின் உரிமை கோர்டியின் ஜோபெட் நிறுவனத்திடம் இருந்தது. 1997இல் பாதியை 132 மில்லியன் டாலருக்கு இஎம்ஐக்கு விற்றார். 2004க்குள் மீதியும் போனது. 2012 முதல் அந்தக் களஞ்சியத்தைச் சோனியின் வெளியீட்டுப் பிரிவு நிர்வகித்தது. நாடகத்தின் இன்னொரு தயாரிப்பாளரான டக் மாரிஸ் அப்போது சோனி மியூசிக்கின் தலைவர். பத்திரம் யாரிடமோ கதையும் அவரிடம்தான் போகிறது. இதைப் பாடியவர்கள் எதிர்த்ததும் உண்டு: செப்டர் இசைத்தட்டு நிறுவனத்தையும் ஷிரெல்ஸ் குழுவையும் பற்றிய 'பேபி இட்ஸ் யூ' 2011இல் பிராட்வேக்கு வந்தபோது, தங்கள் பெயரையும் உருவத்தையும் கேட்காமல் எடுத்துக்கொண்டதாகப் பாடகர் தரப்பு வழக்குப் போட்டது.

'டிரீம்கேர்ல்ஸ்' ஓடிய அதே இம்பீரியல் அரங்குக்கு 2019 மார்ச்சில் டெம்டேஷன்ஸ் கதை வந்தது. 'எயின்ட் டூ பிரௌட்' நாடகத்தை எழுதியவர் டெட்ராய்ட்டில் பிறந்து வளர்ந்த டாமினிக் மோரிசோ. அவருடைய முந்தைய நாடகமான 'டெட்ராய்ட் '67' இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. அக்காவும் தம்பியும் வீட்டின் நிலவறையில் இரவு விருந்து நடத்திப் பிழைக்கிறார்கள். அவளுக்குப் பழைய இசைத்தட்டுப் பெட்டி போதும், அவன் புதிதாய் வந்த எட்டுத்தட டேப் கருவியை வாங்கிவருகிறான். வெளியே ஜூலை மாதக் கலவரம். 43 உயிர்கள் போன நாட்கள். மோட்டவுன் பாட்டுகள் யார் வீட்டில், எந்தப் பயத்தின் நடுவே ஒலித்தன என்று காட்டிய நாடகம் அது. பாட்டைப் பாடியவரை விட்டுவிட்டுக் கேட்டவரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கண்ணோடு டெம்டேஷன்ஸிடம் போனதால் பாட்டுப் பட்டியலாக நின்றிருக்கக்கூடிய நாடகத்துக்கு எலும்பும் சதையும் கிடைத்தன. முதல் ஐவரில் பால் வில்லியம்ஸ் 1973இல் தற்கொலை செய்துகொண்டார். எடி கெண்ட்ரிக்ஸும் மெல்வின் ஃபிராங்க்ளினும் 1990களில் போனார்கள். குழுவின் புகழுக்குக் காரணமான டேவிட் ரஃபின் 1991இலேயே இறந்தார். மிஞ்சியவர் ஓடிஸ் வில்லியம்ஸ். அவரே கதைசொல்லி. ஆள் மாறிக்கொண்டே இருக்க, அட்கின்ஸ் வகுத்த அடவு மட்டும் மாறாமல் நடக்கிறது. அதைப் புதிதாய் அமைத்த செர்ஜியோ ட்ரூஹில்லோவுக்கு டோனி கிடைத்தது நியாயம்.

ஆனால் இங்கேயும் வாசித்தவர்கள் முன்னுக்கு வரவில்லை. ஒற்றை ஆட்காட்டி விரலால் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், டிரம்ஸ் பென்னி பெஞ்சமின், விசைப்பலகை ஏர்ல் வான் டைக்: ஃபங்க் பிரதர்ஸ் என்ற இந்தக் கூட்டம் இல்லாமல் மோட்டவுன் இல்லை. ஜேமர்சனின் பெயர் தட்டின் உறையில் வந்ததே 1971இல், மார்வின் கேயின் ஆல்பத்தில்தான். பாடகர்களின் சண்டையும் காதலும் நாடகமாகிவிடுகின்றன. ஒரு தாளக்கட்டு பிறப்பதைக் காட்டும் காட்சிக்கு இன்னும் யாரும் நேரம் ஒதுக்கவில்லை.

அதற்குச் சரியான இடம் டெட்ராய்ட்கூட அல்ல, மெம்ஃபிஸ். ஜிம் ஸ்டூவர்ட்டும் அவர் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் மெக்லமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த கேபிடல் சினிமாக் கொட்டகையை 1960இல் வாடகைக்கு எடுத்தார்கள். சரிவான தரையைச் சமன் செய்யாமலே ஒலிப்பதிவுக் கூடமாக்கினார்கள். அங்கே இயங்கிய ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் வாத்தியக் குழுவான புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ் தன் பெயரிலேயே புகழ்பெற்றது. இரு கறுப்பர், இரு வெள்ளையர், அதுவும் 1960களின் மெம்ஃபிஸில். பால்டிமோர் சென்டர் ஸ்டேஜ் 2018இல் குவாமே குவே-ஆர்மா இயக்கத்தில் ஸ்டாக்ஸ் வரலாற்றை இசை நாடகமாக்கியது. இந்தக் கதை ஒரு தயாரிப்போடு தீர்ந்துவிடாது. ஓடிஸ் ரெடிங் 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தார். நான்கு மாதத்தில், மெம்ஃபிஸிலேயே, மார்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துடன் 1965இல் ஸ்டூவர்ட் படிக்காமல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால், அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த மூல ஒலிப்பதிவுகள் அனைத்தும் தங்களுடையவை அல்ல என்று அந்த 1968இலேயே ஸ்டாக்ஸ்காரர்களுக்குத் தெரியவந்தது. கூடம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், பாட்டுகள் இல்லை. ஸ்டாக்ஸ் நிர்வாகி அல் பெல் மறு ஆண்டே 27 ஆல்பங்களை ஒரேயடியாக வெளியிட்டு நிறுவனத்தை நிமிர்த்தினார். அதில் ஒன்று ஐசக் ஹேய்ஸுடையது; அதில் ஒரு பாட்டு 18 நிமிடத்துக்கு மேல் நீளும், பாதி நேரம் அவர் பேசிக்கொண்டே இருப்பார், பின்னால் ஆர்கன் ஒரே சுருதியில் நின்றுகொண்டிருக்கும். ஐம்பது பாட்டுகளைத் துண்டு போடாமல், அந்த ஒன்றை இரண்டாம் பாதியில் முழுசாக நடத்திக்காட்டும் துணிவுள்ள இயக்குநரின் கைக்கு இந்தக் கதை போக வேண்டும்.