புறவாசல்

‘மாமா, விண்டோஸ் வாங்கட்டா, மேக் வாங்கட்டா? அண்ணன் லினக்ஸ் போடுன்னு சொல்லுகான். ஆளுக்கொண்ணு சொன்னா நான் என்ன செய்ய?’

கேட்டவள் தங்கை மகள். கல்லூரியில் சேரப் போகிறாள். எங்கள் பக்கம் உழவு மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். மாட்டுக்காக யாரும் கொடி பிடித்து நான் கண்டதில்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும் பிடிக்கிறோம். மேக் வைத்திருப்பவருக்கு விண்டோஸ்காரர் என்றால் இளக்காரம். லினக்ஸ்காரருக்கு இரண்டு பேரையும் பார்த்தால் பரிதாபம்.

எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர்கள் கொட்டகை வாசலில் மண்டையை உடைத்துக்கொண்டதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1997 ஆகஸ்டில் பாஸ்டன் நகரில் ஆப்பிள் கூட்டம். ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் நிற்க, பின்னால் திரையில் பில் கேட்ஸின் முகம் பூதாகரமாகத் தெரிந்தது. ஆப்பிளில் மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது என்று அறிவிப்பு. கீழே இருந்த பக்தர்கள் கூச்சல் போட்டார்கள். முதலாளிகள் கை குலுக்கிக்கொண்டார்கள். 2001-ல் லினக்ஸைப் புற்றுநோய் என்றார் மைக்ரோசாஃப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மர். 2014-ல் அதே கம்பெனி, மைக்ரோசாஃப்ட் லினக்ஸை நேசிக்கிறது என்று திரையில் எழுதிக் காட்டியது. வியாபாரிக்கே இல்லாத விசுவாசம் வாங்குகிறவனுக்கு எதற்கு?

விசுவாசத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கலாம்.

விண்டோஸின் பலம், எல்லோரிடமும் இருப்பது. கடைக்காரரின் டேலி கணக்கு அதில்தான் ஓடும். கெட்டுப்போனால் தெருமுனையில் ஆள் கிடைப்பான். பலவீனம், எப்போது கிழடு என்பதை அவர்கள் தீர்மானிப்பது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அடுத்ததான 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறை ப்ராசஸரும் கேட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கம்ப்யூட்டர்கள் ஒரு நோயும் இல்லாமலே மூலையில் உட்கார்ந்தன.

மேக் அழகு, உறுதி. 2020-ல் சொந்தச் சில்லுக்கு மாறியபின் பேட்டரியும் வெகுநேரம் நிற்கிறது. ஆனால் வாங்குகிற அன்று எடுத்த ரேம்தான் கடைசிவரை. பிறகு கூட்டிக்கொள்ள வழியில்லை. விலையோ, நாத்து நட்டுப் பிழைக்கிறவன் கேட்டால் நெஞ்சு அடைக்கும்.

லினக்ஸ் காசில்லாமல் கிடைப்பது. விண்டோஸ் கைவிட்ட கிழட்டு யந்திரத்துக்கும் உயிர் கொடுக்கும். ஆனால் ஆட்டோகேட் வேண்டும், ஃபோட்டோஷாப் வேண்டும் என்றால் கையை விரிக்கும். சில பிரிண்டர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல, நாலு வரி தட்டினாப் போதும்’ என்பார் லினக்ஸ் பக்தர். அந்த நாலு வரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 வரை நாங்களும் அந்தப் பக்கம்தான். கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடங்களாக லினக்ஸில் படிக்கிறார்கள், பரீட்சையும் அதில்தான். இந்தப் பக்கம் 2011-ல் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் அதில் இருந்தன. நான் பார்த்த பிள்ளைகளில் பலர் இரண்டாவதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதற்காகக் கேரளத்துப் பிள்ளை கெட்டிக்காரன், நம் பிள்ளை மக்கு என்று சொல்ல மாட்டேன். லினக்ஸ் மட்டுமே கண்டவனும் விண்டோஸ் மட்டுமே கண்டவனும் ஒரே கிணற்றுத் தவளைகள்தான். கிணற்றின் பெயர்தான் வேறு.

சரி, மூன்றில் எது? அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் படிப்புரை, பட்டாசல், அடுக்களை எல்லாம் தாண்டிப் புறவாசல் இருக்கும். முன்வாசலை அடைத்துவிட்டால் அந்த வழியாக வெளியேறலாம். நான் எழுதிச் சேர்த்ததைத் தூக்கிக்கொண்டு நாளைக்கு வேறு யந்திரத்துக்குப் போக முடியுமா? கம்ப்யூட்டரிலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பட்டவன் சொல்கிறேன். 1990-களின் கடைசியில் ஒரு தமிழ் மென்பொருள் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். டாங்கிள் என்றொரு பூட்டைச் சொருகினால்தான் திறக்கும். எழுத்துருவும் அவர்களுடையது, கோப்பின் வடிவமும் அவர்களுடையது. யுனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 1999-ல் சென்னை தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் என்று பொதுக் குறியீடுகள் வந்தன. தமிழக அரசு யுனிகோடை ஏற்றது 2010-ல். அதற்குள் ஆளாளுக்கு ஒரு தமிழ் வைத்திருந்தார்கள். அழகான எழுத்து என்று மயங்கி நானும் ஒன்றில் குடியேறினேன்.

பிறகு பூட்டு கெட்டது. மாற்றிக் கேட்கப் போனால் கம்பெனியே இல்லை. வேறு எதில் திறந்தாலும் கமாவும் கேள்விக்குறியும் ஆங்கில எழுத்தும் சிதறிக் கிடக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற பேதமில்லாமல் மூன்றும் அதைப் படிக்க மறுத்தன.

தங்கை மகளிடம் சொன்னேன். ‘உங்க டிப்பார்ட்மென்ட்ல என்ன சாஃப்ட்வேர்னு முதல்ல கேளு மக்கா. அது எதுல ஓடுதோ அதை வாங்கு. கெட்டா நாகர்கோயில்ல பாக்க ஆள் உண்டான்னு விசாரி. வாங்குன அன்னைக்கே ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதி, பென் டிரைவில எடுத்து, அண்ணனோட லினக்ஸ்ல திறந்து பாரு. எழுத்து எழுத்தா இருந்தா வச்சுக்கோ.’

‘அது என்ன மாமா, வாங்கும்போதே போறதப் பத்திப் பேசுதிய?’ என்று சிரித்தாள்.

பூட்டிப்போன கோப்புகளில் ஒன்று, அம்மை சொல்லச் சொல்ல நான் தட்டி வைத்த பழைய நெல் ரகங்களின் பெயர்கள். எது எந்தப் பூவில் விதைப்பது, எது கஞ்சிக்கு ருசி என்ற குறிப்போடு. கோப்பு இன்னும் இருக்கிறது. அம்மை இல்லை. அந்தப் பெயர்களில் எனக்கு இப்போது ஞாபகம் இருப்பவை ஏழு.